ஞாயிற்றுக்கிழமை அம்மா

என் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் எனக்குப் 'பூட்டு' என்று பேர் வைத்தார்கள். முகத்துக்கு நேரே வார்டன் அக்கா, முதுகுக்குப் பின்னால் பூட்டு. எனக்குத் தெரியாது என்று நினைப்பு. நானும் இதே மில்லில் நூல் ஓட்டினவள்தான். அந்தக் காலத்து வார்டனுக்கு நாங்கள் வைத்த பேர் இதைவிட மோசம், வெளியே சொல்ல முடியாது.

கொத்தில் பெரிய சாவி இரும்பு பீரோவுக்கு. பீரோவுக்குள் பிள்ளைகளின் போன்கள் இருக்கும். ஹாஸ்டலில் கையில் போன் வைத்திருக்கக்கூடாது, மில்லின் சட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரிசையில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், பேச வேண்டும், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களிடம் மட்டும். பேசி முடிக்கிறவரை வார்டன் பக்கத்தில் நிற்க வேண்டும். "கண்ணுக்குத் தெரியிற தூரத்துல நின்னா பத்தாது, காதுக்குக் கேக்கிற தூரத்துல நில்லு" என்று மேனேஜர் சார் எனக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நானும் நின்றேன். எத்தனை வீட்டுச் சண்டை, எத்தனை வீட்டுப் பிரசவம் இந்தக் காதில் விழுந்திருக்கிறது! ஒருத்தி வீட்டு ஆடு குட்டி போட்ட கதையை அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வருஷம் மேல்மாடியில் ஒரு பிள்ளை தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். எப்படி, என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லி ஒருத்திக்கும் நல்லது நடக்காது. காலை ஷிஃப்டுக்கு எழுப்பப் போன நான்தான் முதலில் பார்த்தேன். அன்றிலிருந்து எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரு நொடி என் கை கைப்பிடியிலேயே நின்றுவிடும். இன்னொன்று நடந்துவிடக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு. சம்பளம் வேண்டாம், நல்ல பேர் வேண்டாம், இன்னொன்று மட்டும் வேண்டாம்.

மில்லுக்கும் அதே பயம்தான், வேறு காரணத்துக்காக. தச்சனைக் கூட்டிவந்து எல்லா அறையிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். குளியலறையிலும் கழற்றினார்கள். உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் பாடிக்கொண்டே குளிக்க ஆரம்பித்தார்கள். தொண்டை இருக்கிறதோ இல்லையோ, காலையில் ஆறு குளியலறையில் ஆறு பாட்டு. காதைப் பொத்திக்கொண்டு ஓடலாம் போல இருக்கும், ஆனால் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். அப்புறம் மேனேஜர் எல்லோரையும் சாப்பாட்டுக்கூடத்தில் நிற்க வைத்து, "அந்தப் பொண்ணைப் பத்தி இனிமே பேச்சே இருக்கக்கூடாது. யாராவது கேட்டா காய்ச்சல். வெளியாள்கிட்ட மூச்சு விட்டீங்கன்னா அன்னிக்கே பெட்டியைக் கட்டிக்க வேண்டியதுதான்" என்றார். நாங்கள் எல்லோரும் காய்ச்சல் என்று சொல்லப் பழகினோம்.

எங்கிருந்தோ ரெண்டு பேர் வந்து, பல் தேய்க்கும் இடத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். 'மனசு கஷ்டமா இருக்கா? எந்த நேரமும் கூப்பிடுங்க' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, கீழே ஒரு நம்பர். மேனேஜர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எந்த நேரமும் கூப்பிடலாம், ஆனால் போன் என் பீரோவில். எனக்கு அன்றைக்கு இது உறைக்கவே இல்லை. சுவரில் பசை வழிகிறதே என்று ஈரத் துணியால் துடைத்துவிட்டு வந்தேன். நம்பரைப் படித்தேனா என்றுகூட ஞாபகமில்லை.

செத்துப்போனவளின் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். எது சொன்னாலும் "சரிக்கா" என்பாள், அதனால் அவள் பேரே 'சரிக்கா' ஆகிவிட்டது. ரெண்டு பேருக்கும் ஒரே சீப்பு, ஒரே சோப்பு. ஒருத்தி துணியை ஒருத்தி மடிப்பாள். புதிதாக ஆள் எடுத்தபோது மேனேஜர், "கட்டில் என்ன பாவம் பண்ணுச்சு, ஏன் காலியா கிடக்கு?" என்று கேட்டார். நான் ஒரு கணக்குப் போட்டேன். புதுப் பிள்ளையை அந்தக் கட்டிலில் படுக்க வைத்து, யாராவது விஷயத்தைச் சொல்லிவிட்டால் அலறிக்கொண்டு ஓடிவிடும். சரிக்காவுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவள் ஓடமாட்டாள். அவளை அங்கே மாற்றிவிட்டு அவளுடைய கட்டிலைப் புதுசுக்குக் கொடுக்கலாம். "இதுல மாறிக்கடி" என்றேன். ஒரு நிமிஷம் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரிக்கா" என்றாள். பெரிய மூளைக்காரி மாதிரி கையைத் தட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

அதற்கப்புறம் அவள் தட்டு நிரம்பியபடியே திரும்பி வர ஆரம்பித்தது. "ஏண்டி, சாப்பாட்டை வேடிக்கை பாக்கவா வாங்கின?" என்று கத்துவேன். "சரிக்கா" என்று ரெண்டு வாய் வைப்பாள். குளிக்கும்போது எல்லோரும் பாடுவார்கள், இவள் பாடமாட்டாள், கடைசி ஆளாகப் போய்ச் சத்தமே இல்லாமல் குளித்துவிட்டு வருவாள். நான் வெளியே நின்று, "அடியே, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் மிஷின் முன்னால் நூல் வரிசையாக அறுந்துகொண்டிருக்க, இவள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாளாம். சூப்பர்வைசர் அசிங்கமாகத் திட்டியிருக்கிறான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

அவளை மில் நர்ஸிடம் இழுத்துக்கொண்டு போனேன். சத்து மாத்திரை கொடுத்தாள். வரும் வழியில் பஞ்சு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். 'உனக்கும் அவ மாதிரி தோணுதாடி?' இவ்வளவுதான் கேள்வி. நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் கேட்டால் இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயம். ஊரையே வாயால் விரட்டுகிற எனக்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை. கடைசியில், "காய்ச்சலாடி?" என்று கேட்டேன். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "சரிக்கா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரிசையில் சரிக்கா நிற்கிறாள்! அதுவரை ஒரு நாளும் நின்றதில்லை. "அட, மேடத்துக்கு இன்னிக்குத்தான் வீட்டு ஞாபகம் வந்துச்சா? யாருக்குடி?" என்றேன். "அம்மாவுக்குக்கா" என்று திரையைக் காட்டினாள். அம்மா என்றுதான் இருந்தது. பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, நான்தாம்மா... சாப்பிட்டேன்மா... ஆமாம்மா... ஆமாம்மா... ஆமாம்மா." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "இல்லம்மா, இன்னிக்கு இல்லம்மா... சரிம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கேன்மா." போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ராத்திரித் தட்டு காலியாக வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் பெற்றவள் குரலுக்கு நிகர் ஏது! நான் எட்டு வயதில் என் அம்மாவைத் தூக்கிக் கொடுத்தவள். அதனால் அந்தப் பேச்சை நானும் ஒரு பக்கத்துக் காதால் வாங்கிக்கொண்டு நின்றேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். பேச்சு எப்போதும் அதேதான். சாப்பிட்டேன்மா, தூங்கினேன்மா, ஆமாம்மா, இல்லம்மா, அடுத்த ஞாயிறு வரைக்கும் இருக்கேன்மா. வேலையை விட்டுவிட்டு வந்துவிடப் போகிறாளோ என்று அந்த அம்மா பயந்து, இரு இரு என்று சமாதானம் சொல்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அவளும் இருந்தாள். ஒரு நாள் குளியலறையிலிருந்து மெதுவாக ஒரு முனகல் கேட்டது. கதவில் காதை வைத்தேன். சரிக்கா பாடுகிறாள்! படு கேவலமான குரல். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் அது கை வராதே. அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேலைக்குச் சேரும்போது கொடுத்திருந்த வீட்டு நம்பர் ஆபீசில் இருந்தது, அதற்குப் போட்டேன். அவளுடைய அண்ணன் எடுத்தான். அந்த வீட்டுக்கே ஒரே போன்தானாம், அது எப்போதும் அவன் கையில்தானாம். அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். "உங்க பொண்ணு வாரா வாரம் உங்ககிட்ட பேசுறதாலதாம்மா இங்க தைரியமா இருக்கா, நீங்க நல்லா இருக்கணும்" என்றேன்.

"என்கிட்டயா? அவ பேசி ரொம்ப மாசம் ஆச்சும்மா" என்றாள் அவள்.

பின்னாலிருந்து அண்ணன், "என்னது? யாரு யார்கிட்ட பேசுறா?" என்றான்.

உடனே பீரோவைத் திறந்து சரிக்காவின் போனை எடுத்துப் பார்த்தேன். 'அம்மா' என்று போட்டிருந்த நம்பர் வேறு, வீட்டு நம்பர் வேறு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இந்த வித்தையெல்லாம் எனக்குத் தெரியாதா? எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! காதலனை 'சித்தி' என்று போட்டவள் உண்டு, 'பல் டாக்டர்' என்று போட்டவள் உண்டு. இவள் அம்மா என்றே போட்டுவிட்டாளே! என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே காதில் பூச்சுற்றியிருக்கிறாளே! அந்த நம்பருக்குப் போட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று விரல் துறுதுறுத்தது. "வேண்டாம், பய உஷாராயிடுவான். அவ அண்ணன் வரட்டும், ஒப்படைச்சிடு" என்றார் மேனேஜர். அதற்குள் அவருக்கு அண்ணனிடமிருந்து போன் வந்திருந்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்தவளை ஆபீசுக்குக் கூப்பிட்டேன். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. நான் போனை மேஜையில் வைத்தேன். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாருடி அவன்?"

"அவன் இல்லக்கா."

"அவன் இல்லாம அவளா? வாரா வாரம் கண்ணீர் விட்டு உருகினியே, யாரு?"

வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அப்புறம் மேனேஜரைப் பார்த்தாள். அவர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியாள்கிட்ட மூச்சு விட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்று சொன்ன அதே ஆள். அவள் வாய் மூடிக்கொண்டது.

"சொல்லித் தொலையேன்!"

"ஒண்ணும் இல்லக்கா."

"அப்போ உங்க அண்ணன் வந்து கேட்டுக்கட்டும். போ."

"சரிக்கா" என்றாள்.

அவளைத் தனியாக என் அறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எனக்கு அப்போது கோபம்தான் பெரிதாக இருந்தது. இந்தக் குட்டி என்னை ஏமாற்றிவிட்டாளே என்ற கோபம்.

அண்ணன் சனிக்கிழமை சாயங்காலம் வந்தான். வந்ததும் அவளுடைய கன்னத்தில் ஒன்று விட்டான். நான் நடுவில் பாய்ந்து, "கையை மடக்குடா! கை நீட்டுற வேலையெல்லாம் இந்தக் கேட்டுக்குள்ள வேண்டாம்" என்று கத்தினேன். கேட்டுக்கு வெளியே என்ன செய்வான் என்று நான் யோசிக்கவில்லை. அவள் பெட்டியில் துணியை அடுக்கினாள். அந்தப் பழைய சீப்பைத் துணிக்கு நடுவில் வைத்தாள். மற்ற பிள்ளைகள் மாடிப்படியில் கும்பலாக நின்று பார்த்தார்கள்.

நான் போனை அண்ணனிடம் நீட்டினேன். "அந்தச் சனியன் இங்கேயே கிடக்கட்டும். இனிமே இவளுக்கு எதுக்கு போனு?" என்றான்.

கேட் அருகில் அவள் என் கையைப் பிடித்தாள். அதுவரை யாரையும் தொட்டுப் பேசினவள் இல்லை. "அக்கா, ஒரே ஒரு தடவை பேசிட்டுத் தர்றேன்க்கா. நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

"இன்னும் திமிர் அடங்கலையா உனக்கு?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைக்கா."

"ஞாயித்துக்கிழமைன்னா என்ன, தேரா ஓடப்போகுது?"

கையை விட்டாள். "சரிக்கா" என்றாள். பஸ்ஸில் ராத்திரி முழுக்கப் போக வேண்டிய ஊர். அண்ணன் முன்னால் நடந்தான், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் போன் வரிசை முடிந்து, எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிப் பீரோவைப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பீரோவுக்குள் ஒரு போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. திறந்தேன். சரிக்காவின் போன். திரையில் அம்மா.

வாடா மகனே என்று எடுத்தேன். "டேய், யாருடா நீ? ஒரு பொண்ணு வாழ்க்கையையே கெடுத்துட்டு இன்னும் கூப்பிடுறியா? நேர்ல வந்தேன்னா தோலை உரிச்சிடுவேன்!"

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், நிதானமாக, "நீங்க வார்டன் அக்காங்களா?" என்றது.

"நீ யாரு?"

"மனசு கஷ்டத்துல இருக்கிறவங்க கூப்பிடுற நம்பர்லேருந்து பேசுறேன்க்கா. நாங்களா யாரையும் திருப்பிக் கூப்பிடக்கூடாதுன்னு இங்க சட்டம். இன்னிக்கு மீறிட்டேன். இந்தப் பொண்ணு இந்த நேரத்துக்குக் கூப்பிட்டிருக்கணும், கூப்பிடல. எங்க இருக்கா? நல்லா இருக்காளா?"

"நீங்க... அம்மா இல்லையா?" என்றேன், முட்டாள் மாதிரி.

அவள் சொன்னாள். "முதல் நாள் எடுத்ததுமே 'அம்மா, நான்தாம்மா'ன்னா. நான் உங்க அம்மா இல்லையேம்மான்னேன். 'சாப்பிட்டேன்மா'ன்னா. அழுகையை அடக்குற குரல். பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா, வார்டனான்னு கேட்டேன். 'ஆமாம்மா'ன்னா. அதுக்கப்புறம் நான் கேப்பேன், அவ ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லுவா. ரொம்பக் கஷ்டமா இருக்கான்னு கேட்டேன். ஆமாம்மா. செத்துடலாம்னு தோணுதான்னு கேட்டேன். ஆமாம்மா. அப்புறம் வாரா வாரம் கேப்பேன், இன்னிக்கு ஏதாவது பண்ணிக்கிற எண்ணம் இருக்கான்னு. 'இல்லம்மா, இன்னிக்கு இல்லம்மா'ம்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பியான்னு கேப்பேன்."

"இருக்கேன்மான்னு சொல்லுவா" என்றேன்.

"ஆமாக்கா. சொல்லுவா. இருப்பா."

கை எட்டும் தூரத்தில் நான் நின்றிருந்தேன். அந்த ஆமாம்மாக்களை எல்லாம் என் காதால் கேட்டிருந்தேன். குளிச்சியா, துணி துவைச்சியா என்று அம்மா கேட்கிறாள், மகள் பதில் சொல்கிறாள் என்று நினைத்து மனம் நிறைந்து நின்றிருந்தேன்.

"அவ சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுக்கா. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் சொல்லலாம். அதான் சொல்றேன். இப்போ அவ எங்க?"

சொன்னேன். அண்ணன், அவன் விட்ட அறை, பஸ், எல்லாவற்றையும் சொன்னேன். போன் என் கையில் இருப்பதையும் சொன்னேன், ஊர்ப் பேரையும் வீட்டு நம்பரையும் கொடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அக்கா, உடனே வீட்டுக்குப் போடுங்க. அம்மாகிட்ட மட்டும் பேசுங்க. அவளைத் தனியா விடவேண்டாம், திட்டவேண்டாம், பக்கத்துலயே உட்காரட்டும். மனசுக்கு எப்படி இருக்குன்னு நேராவே கேக்கட்டும். கேட்டா அந்த நினைப்பு வந்துடாதுக்கா. கேட்டாத்தான் சொல்லுவாங்க" என்றாள்.

கேட்டால் வந்துவிடாது. இதை எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லாமல் போனார்களே! சுவரில் நம்பரை ஒட்டினவர்கள் இதையும் கூடவே ஒட்டியிருக்கக்கூடாதா?

வீட்டுக்குப் போட்டேன். அண்ணன் எடுத்தான். "தம்பி, தப்பு என் மேலதான். அவ எவன்கிட்டயும் பேசல. மனசு சரியில்லாம உதவி கேட்டிருக்கா. அம்மாகிட்ட குடுப்பா."

"ஓ, இப்போ நீங்களும் அவளுக்குக் கூட்டா? நல்லா கத்துக்குடுத்திருக்கீங்க ஹாஸ்டல்ல."

"உன் கால்ல விழுறேன்பா, அவ எங்க இருக்கா?"

"உள்ள தூங்குறா. ஊரு பூரா தூத்திட்டு இப்போ வந்து நீலிக்கண்ணீர் விடாதீங்க. இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, "யாருடா?" என்று. நான் தொண்டை கிழியக் கத்தினேன். "அம்மா, உங்க பொண்ணு பக்கத்துலயே இருங்க! தனியா விடாதீங்க! தனியா விடாதீங்கம்மா!" போன் அறுந்துவிட்டது. அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி, மறுபடி. அதே பதில்தான்.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "சார், ரெண்டு நாள் லீவு குடுங்க, நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்."

"நீ போனா ஹாஸ்டலை யாரு பாப்பா? இங்க ஒண்ணு நடந்தா யாரு பதில் சொல்றது?"

"அங்க நடந்தா சார்?"

"அங்க நடந்தா அது அவங்க குடும்ப விஷயம். நம்ம கேட்டைத் தாண்டியாச்சு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கெட்டது ஒன்றுமே தெரியவில்லை. கேட்டைத் தாண்டிவிட்டது என்று உண்மையிலேயே நிம்மதியாக இருந்தார். அப்புறம்தான் அவருக்கு மூக்கு வேர்த்தது. "ஆமா, வெளியாள் ஒருத்தி நம்ம ஹாஸ்டலைப் பத்திக் கேட்டாளா? போன வருஷ விஷயத்தை உளறினியா? அந்த போனை எடுத்துட்டு வா, என்கிட்ட இருக்கட்டும்."

திரும்பி வந்து, பல் தேய்க்கும் இடத்துக்குப் போனேன். தாள் அப்படியே இருந்தது. ஓரம் ஈரத்தில் சுருண்டிருந்தது. போனில் இருந்த 'அம்மா' நம்பரையும் சுவரில் இருந்த நம்பரையும் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான். பல்லைத் தேய்த்துக்கொண்டே, யாருக்கும் தெரியாமல், இதை மனப்பாடம் பண்ணி, போன் கைக்கு வந்ததும் அம்மா என்று ஏற்றியிருக்கிறாள். எனக்கு உட்கார்ந்து அழக்கூட இடமில்லை, ரெண்டு பிள்ளைகள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். "என்னக்கா?" என்றார்கள். "பசை உரியுதுடி, அதான் பாக்கிறேன்" என்றேன்.

அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினேன். வீட்டுக்குள் தூங்குகிற பெண்ணுக்கு நாங்கள் என்னம்மா பண்ணுவது, ஏதாவது நடந்தால் சொல்லுங்கள் என்றார்கள். ஏதாவது நடந்தால் சொல்வதற்கு இவர்கள் எதற்கு!

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில், போனை வாங்கிக்கொள்ள மேனேஜரே ஹாஸ்டல் ஆபீசுக்கு வந்துவிட்டார். பீரோவைத் திறந்தேன். மற்ற போன்களுக்கு நடுவில் அதைத் தேடி எடுக்கும்போது அடித்தது. திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, என் சொந்தப் போன் போலக் காதில் வைத்தேன். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார், காதுக்குக் கேட்கிற தூரத்தில்.

"அக்கா, நான்தான். அவ அம்மாகிட்ட பேச முடிஞ்சுதா?"

"இல்லம்மா" என்றேன்.

"வீட்டுலேருந்து ஏதாவது தகவல்?"

"இல்லம்மா."

"நாங்களும் போட்டுப் பாக்கிறோம்க்கா, சுவிட்ச் ஆஃப்னே வருது. அந்த ஊர்ல எங்களுக்கு ஆள் கிடையாது. ரெண்டு பேர் ஒரு போனை வச்சுக்கிட்டு நடத்துறோம். இருந்தாலும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்." அவள் குரலும் உடைந்திருந்தது. கொஞ்சம் நிறுத்தி, "பக்கத்துல யாராவது நிக்கிறாங்களாக்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்மா."

"சாப்பிட்டீங்களா?"

மத்தியானத் தட்டு மேஜையில் அப்படியே காய்ந்து கிடந்தது. "சாப்பிட்டேன்மா" என்றேன்.

மேனேஜர் கையை நீட்டிக்கொண்டே, "யாரு?" என்று கேட்டார்.

"எங்கம்மா சார்" என்றேன்.